கலர் எதைப் பிடித்து நிற்கிறது? தஞ்சைச் சுவரும் இத்தாலியச் சுவரும்

வருடத்துக்கு நான்கைந்து முறையாவது அந்தப் படம் வாட்ஸப்பில் வந்துவிடுகிறது. இடது பாதியில் மைக்கலாஞ்சலோ வரைந்த சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரை. வலது பாதியில் தஞ்சைப் பெரிய கோயில் கருவறைச் சுற்றில் இருக்கும் ஆடல் மகளிர். கீழே தடித்த எழுத்தில் செய்தி: இத்தாலிக்காரன் 1512இல் முடித்த ஃப்ரெஸ்கோ ஓவியத்தை ராஜராஜன் 500 வருடத்துக்கு முன்பே முடித்துவிட்டான், பகிருங்கள்.

இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பெரிய கோயில் 1010இல் நிறைவடைந்தது. சிஸ்டைன் கூரை வேலை 1508இல் தொடங்கி 1512இல் முடிந்தது. கழித்துப் பார்த்தால் ஐந்நூறு வருகிறது. தஞ்சையில் இருப்பது ஃப்ரெஸ்கோதான் என்று முதலில் சொன்னவரும் வாட்ஸப் பண்டிதர் கிடையாது, சோதித்துப் பார்த்த ஒரு வேதியியலாளர். அவரைப் பற்றிக் கீழே வருகிறேன். என் சண்டை கணக்கோடு இல்லை, கேள்வியோடு. 'யார் முதலில்' என்று கேட்டால் ஒரு தேதிதான் பதிலாகக் கிடைக்கும். தேதி கிடைத்த பிறகு படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது.

திருப்பூர்ப் பக்கம் துணியைக் கையில் வாங்கியதும் கேட்கிற கேள்வி வேறு: கலர் நிக்குமா? நான் சாஃப்ட்வேர் ஆள். சாயப்பட்டறை வேலை எனக்குத் தெரியாது. ஆனால் வீரபாண்டியில் குடியிருந்துகொண்டு இந்தக் கேள்வியிலிருந்து யாரும் தப்ப முடியாது. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியம் எப்படி மாறியது என்று படிக்கப் படிக்க, அதைப் புரிந்துகொள்வதற்கும் இதுதான் சரியான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. நிறம் எதைப் பிடித்து நிற்கிறது? அந்தப் பிடிமானம் மாறும்போதெல்லாம் ஓவியமும் மாறியிருக்கிறது.

பிடிமானம் என்றால் என்ன

பனியன் துணியில் நிறம் ஏற்ற இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று ரியாக்டிவ் சாயம். 1956இல் சந்தைக்கு வந்தது. காரச் சூழலில், அதாவது சோடா ஆஷ் போட்ட தொட்டியில், சாயத்தின் மூலக்கூறு பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். அதன் பிறகு சாயம் வேறு, நூல் வேறு இல்லை. இன்னொன்று பிக்மென்ட் பிரிண்ட். இங்கே நிறம் என்பது தண்ணீரில் கரையாத பொடி. நூலோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. நடுவில் பைண்டர் என்ற பசை இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. சூடு கொடுத்து கியூரிங் செய்தால் பசை இறுகும். கியூரிங் சரியில்லை என்றால் நாலு துவையலில் பிரிண்ட் உதிரும். உதிரும்போது பழுதானது பொடி இல்லை, பசை.

இதை அப்படியே சுவருக்குக் கொண்டு போகலாம். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினால் நீற்றுச் சுண்ணாம்பு. அதை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், காற்றில் இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. இந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, வெறும் தண்ணீரில் கரைத்த நிறப்பொடியைத் தீட்டினால், சுண்ணாம்பு கல்லாகும்போது பொடியையும் உள்ளே பூட்டிக்கொள்ளும். பசையே வேண்டாம். சுவரே பசை. இதுதான் ஃப்ரெஸ்கோ. இத்தாலியச் சொல்லுக்குப் பொருளே 'புதிது', அதாவது காயாதது. காய்ந்த சுவரில் பிசினோ முட்டையோ எண்ணெயோ கலந்து தீட்டினால் அதற்குப் பெயர் செக்கோ, 'உலர்ந்தது'. ஒப்புமை முழுக்கப் பொருந்தாது, ஆனாலும் ஃப்ரெஸ்கோ ரியாக்டிவ் சாயம் மாதிரி, செக்கோ பிக்மென்ட் பிரிண்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரெஸ்கோவுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, நேரம். பூச்சு காய்வதற்குள் வரைந்தாக வேண்டும். அதனால் இத்தாலியில் அன்றைக்கு முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டும்தான் கடைசிப் பூச்சைப் பூசினார்கள். அதற்கு ஜோர்னாட்டா என்று பெயர், ஒரு நாள் வேலை. சாய்வாக வெளிச்சம் அடித்தால் ஒவ்வொரு நாளின் தையலும் இன்றைக்கும் தெரியும். இரண்டாவது, நிறம். ஈரச் சுண்ணாம்பு கடுமையான காரம். அதில் தாங்கி நிற்பவை காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி மாதிரியான சில பொருட்கள்தான். செடியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் எடுக்கும் அழகான சிவப்புகள் பெரும்பாலும் அங்கே செத்துப் போகும்.

பரமசிவன் பார்த்தது

தஞ்சைக் கருவறைச் சுற்றில் மேலே தெரிந்தது நாயக்கர் கால ஓவியம். அதற்கு அடியில் சோழர் கால ஓவியம் ஒளிந்திருப்பதை 1931இல் கண்டுபிடித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி. அதே பத்தாண்டுகளில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தச் சுவரின் பூச்சையும் நிறங்களையும் ஆராய்ந்தார். வெண்கலச் சிலைகளின் பாதுகாப்பிலும் பெயர் பெற்றவர். சோழர் அடுக்கில் பசை எதுவும் தென்படவில்லை என்றும், நிறங்கள் சுண்ணாம்புக்குத் தாங்கக்கூடிய வகை என்றும் பார்த்து, இது உண்மையான ஃப்ரெஸ்கோ என்ற முடிவுக்கு வந்தார். அவர் கட்டுரை 1937இல் அமெரிக்காவில் ஓவியத் தொழில்நுட்பத்துக்கென்றே வந்துகொண்டிருந்த ஓர் ஆய்விதழில் வெளியானது. அந்தக் காலத்தில் ஓவியத்தை 'பாணி' என்ற ஒரே அளவுகோலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சுரண்டி எடுத்த பொடியைச் சோதனைக் குழாயில் போட்டுப் பேசிய பரமசிவனை நாம் இன்னும் போதுமான அளவு கொண்டாடவில்லை.

ஆனால் கொண்டாடுவது என்றால் அவர் முடிவை அப்படியே ஃபார்வர்ட் செய்வது என்று ஆகாது. 'பசை தென்படவில்லை' என்பதற்கும் 'பசை போடவில்லை' என்பதற்கும் தூரம் இருக்கிறது. பிசின், பசை எல்லாம் கரிமப் பொருள். 900 வருடத்தில் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் உணவாகிப் போகலாம். மிச்சம் இருந்தாலும், 1930களின் சோதனைகளுக்குப் பிடிபடாத சிறு அளவாக இருக்கலாம். இன்று இந்த வேலைக்கு நம்பும் வாயு நிறப்பகுப்பு முறையே 1950களில்தான் வந்தது. போதாததற்கு, நம் ஊர்ச் சுண்ணாம்புப் பூச்சில் கடுக்காயும் வெல்லமும் சேர்க்கும் வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட சுவரில் கரிமப் பொருள் கிடைத்தாலும் அது ஓவியத்திலிருந்து வந்ததா, பூச்சிலிருந்து வந்ததா என்று பிரித்தாக வேண்டும்.

பரமசிவன் தவறு என்று நான் சொல்லவில்லை. நிறங்களின் பட்டியல் அவர் பக்கம்தான் நிற்கிறது. நான் சொல்வது, ஃப்ரெஸ்கோ என்பது பதக்கம் இல்லை, ஒரு கருதுகோள். சோதித்துச் சோதித்துத்தான் அது வலுப்பட வேண்டும். பதக்கமாக மாட்டிவிட்டால் பிறகு யாரும் சோதிக்கத் துணிய மாட்டார்கள்.

கோட்டில் தெரியும் அவசரம்

பிடிமானத்தை வைத்து ஓவியத்தைப் பார்த்தால் என்ன கிடைக்கும்? தஞ்சைச் சுவரையே எடுத்துக்கொள்வோம். அந்தச் சுற்றுக்குள் பொதுமக்களை வழக்கமாக விடுவதில்லை என்பதால், நம்மில் பெரும்பாலோர் பார்ப்பது நிழற்படங்களைத்தான். அதிலேயே இது தெரியும்.

சுந்தரர் வெள்ளை யானை மேல், சேரமான் பெருமாள் குதிரை மேல், இருவரும் கைலாயம் போகும் காட்சி. திரிபுராந்தகர் எட்டுக் கைகளோடு தேரில் நிற்க, எதிரே அசுரர் கூட்டம், அவர்களைப் பிடித்து இழுக்கும் பெண்கள். உடலைத் திருகி ஆடும் ஆடல் மகளிர். எல்லாவற்றிலும் வேலை செய்வது கோடு. காவி நிறத்தில் ஓடும் அந்தக் கோடு தோளில் தடித்து, இடுப்பில் மெலிந்து, விரல் நுனியில் சட்டென்று நின்றுவிடுகிறது. உடலின் திரட்சியை நிழல் போட்டுக் காட்டுவதை விட, கோட்டின் தடிமனை மாற்றியே அதிகம் காட்டியிருக்கிறார்கள். ஈரச் சுவரில் யோசித்து அழித்து மறுபடி போட நேரம் கிடையாது. கை முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தின் அழகு அது. இந்தக் கோட்டில் ஒரு தயக்கம் வந்திருந்தால் அது ஆயிரம் வருடத்துக்கு அப்படியே நின்றிருக்கும்.

இன்னொன்று, இடம். கருவறையின் உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சுற்று மிகக் குறுகல். இதே சுற்றின் மேல்தளத்தில்தான் 81 கரணச் சிற்பங்கள் முடிந்தும், மிச்சம் முடியாமலும் இருக்கின்றன. கீழே இத்தனை பெரிய திரிபுராந்தகரைப் பின்வாங்கி நின்று முழுதாகப் பார்க்கவே இடம் இல்லை. வலம் வந்துகொண்டேதான் பார்க்க வேண்டும். கதையும் நடையோடு சேர்ந்து நகர்கிறது. ஃப்ளாரன்ஸில் மசாச்சோ 1420களின் பிற்பகுதியில் தீட்டிய திரித்துவ ஓவியம் இதற்கு நேர் எதிர். அது சுவரில் ஒரு கூடத்தைத் திறந்து காட்டுகிறது. பார்ப்பவர் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால்தான் அந்தத் தோற்றம் கூடும். ஒன்று நடப்பவருக்கான ஓவியம், மற்றது நிற்பவருக்கான ஓவியம். இரண்டும் சுண்ணாம்புச் சுவர்தான். இரண்டையும் 500 வருட ஓட்டப் பந்தயத்தில் நிறுத்தினால் இந்த வேறுபாடே கண்ணில் படாது.

இத்தாலியிலும் ஒரே முறை இல்லை

ஃபார்வர்ட் படத்தின் இடது பாதியிலும் பிரச்சினை உண்டு. மறுமலர்ச்சி என்றால் ஃப்ரெஸ்கோ என்று அது நினைக்க வைக்கிறது. உண்மையில் அந்த இருநூறு வருடங்களில் நடந்தது, ஃப்ரெஸ்கோவை விட்டு மெல்ல மெல்ல வெளியேறியதுதான்.

1400 வாக்கில் சென்னினோ சென்னினி எழுதிய கைவினை நூலில் இருக்கும் உலகம் இது: சுவருக்கு ஃப்ரெஸ்கோ, மரப்பலகைக்கு முட்டை மஞ்சள் கரு. பலகைக்கு மேல் துணி ஒட்டி, வெள்ளைப் பூச்சு பூசி, வழவழப்பாக்கி, பொன் தாள் ஒட்டி, கடைசியில் நிறம். முட்டைக் கலவை நிமிடத்தில் காய்ந்துவிடும். அதனால் ஒரு நிறத்தை இன்னொன்றில் குழைக்க முடியாது. மெல்லிய கோடுகளை அடுக்கி அடுக்கித்தான் நிழல் காட்டினார்கள்.

பிறகு எண்ணெய் வருகிறது. இங்கே ஒரு சின்ன விஷயம், கொங்கு நாட்டுக்காரர்களுக்கு உடனே புரியும். தேங்காய் எண்ணெயைத் தட்டில் பூசி வைத்தால் மாதக்கணக்கானாலும் பிசுக்காகவே இருக்கும். ஆளிவிதை எண்ணெயைப் பூசினால் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தோல் மாதிரி இறுகிவிடும். தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வது கிடையாது, எண்ணெயே திடப்பொருளாக மாறுகிறது. அதற்கு நாட்கள் ஆகும். அந்த நாட்கள்தான் ஓவியருக்குக் கிடைத்த புதிய வசதி. குழைக்கலாம், துடைக்கலாம், மனசு மாறலாம். கண்ணாடி மாதிரி மெல்லிய நிற அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு உள்ளிருந்து ஒளி வருவது போலக் காட்டலாம். முகத்தில் விழும் நிழலுக்கு விளிம்பே இல்லாமல் செய்யலாம்.

இந்த எண்ணெய் முறையை யான் வான் ஐக் கண்டுபிடித்தார் என்று 1550இல் வசாரி எழுதினார். அதுவும் அந்தக் காலத்து ஃபார்வர்ட்தான். 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் எழுதிய கைவினை நூலிலேயே எண்ணெயில் நிறம் குழைப்பது இருக்கிறது. 2008இல் ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவரோவியங்களில் உலரும் எண்ணெய் இருப்பதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எனவே எண்ணெய் ஆசியாவில் முதலில் என்று யாராவது அடுத்த ஃபார்வர்டைத் தயார் செய்யலாம். பயன் இல்லை. ஒரு பொருள் எப்போது முதலில் தொடப்பட்டது என்பதை விட, எப்போது அதை நம்பி முழு ஓவிய மரபும் மாறியது என்பதே பெரிய விஷயம். அந்த மாற்றம் 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நடந்தது.

மாற்றம் சண்டை இல்லாமலும் நடக்கவில்லை. லியோனார்டோவுக்கு ஃப்ரெஸ்கோவின் அவசரம் ஒத்துவரவில்லை. மிலான் நகர மடத்தின் உணவுக்கூடத்தில் 1490களில் 'கடைசி இராவுணவு' தீட்டும்போது காய்ந்த சுவரில் பைண்டர் போட்டு மெதுவாக வேலை செய்தார். அவர் விரும்பிய மென்மையான நிழல்கள் கிடைத்தன. ஆனால் பிடிமானம் கைவிட்டது. அவர் காலத்தை ஒட்டியே உதிரத் தொடங்கிவிட்டது. 1978இலிருந்து 1999 வரை நடந்த கடைசி மீட்பு வேலைக்கே இருபது வருடத்துக்கு மேல் ஆனது. மைக்கலாஞ்சலோ இதற்கு மறுபக்கம். சிஸ்டைனில் 'இறுதித் தீர்ப்பு' தீட்டுவதற்கு முன், செபாஸ்தியானோ தெல் பியொம்போவின் யோசனைப்படி சுவர் எண்ணெய்க்காகத் தயார் செய்யப்பட்டிருந்தது. அதை உரித்துவிட்டு ஃப்ரெஸ்கோவுக்கு மாற்றினார் என்கிறார் வசாரி. ஒரே தலைமுறைக்குள் இரண்டு மேதைகள், பிடிமானம் பற்றி எதிரெதிர் முடிவு.

வெனிஸ் நகரம் மூன்றாவது முடிவை எடுத்தது. உப்புக் காற்றும் ஈரமும் சுவரோவியத்தை அரித்ததால் அங்கே துணிக்குப் போனார்கள். பாய்மரத் துணி நெய்த ஊர் அது. துணியைத் தைத்து எத்தனை பெரிதாகவும் செய்யலாம், சுருட்டிக் கப்பலில் அனுப்பலாம். அரசு மாளிகையில் இருக்கும் தின்டொரெட்டோவின் 'சொர்க்கம்' சுமார் 22 மீட்டர் அகலம். அதுவும் தைத்த துணிதான்.

துணிக்கழிவிலிருந்து சிவப்பு

துணி என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. அந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியங்களில் மேலாடைகளுக்குப் போட்ட ஆழமான, ஊடுருவித் தெரியும் சிவப்பு எங்கிருந்து வந்தது? பல சமயம் சாயப்பட்டறைக் கழிவிலிருந்து. சாயம் ஏற்றிய கம்பளித் துணியின் மேல்மயிரை வெட்டிச் சமப்படுத்தும்போது விழும் துகளைச் சேகரித்து, காரநீரில் காய்ச்சிச் சாயத்தை வெளியே எடுத்து, படிகாரம் சேர்த்தால் சிவப்புப் பொடி அடியில் படியும். அதை எண்ணெயில் குழைத்தால் ஓவியரின் சிவப்பு. பனியன் வேஸ்ட் வியாபாரம் தெரிந்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மூலச் சாயத்தில் ஒரு வகை, இந்தியப் பக்கத்திலிருந்து போன அரக்கு. படிகாரம் ஒட்டோமான் நிலத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. 1460களின் தொடக்கத்தில் ரோமுக்குப் பக்கத்தில் தோல்ஃபாவில் படிகாரச் சுரங்கம் கிடைத்தபோது போப்பின் கருவூலமே அதை நம்பி நிமிர்ந்தது. ஓவிய வரலாறும் சாயத் தொழில் வரலாறும் ஒரே தொட்டியில் ஊறியவை.

நீலம் இன்னும் தூரத்திலிருந்து வந்தது. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானில் வெட்டிய லேபிஸ் கல். அஜந்தாவின் நீலமும் அதே கல்தான். 1485இல் ஃப்ளாரன்ஸின் அநாதை இல்லத்துக்கு கிர்லாந்தாயோ எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில், நீலம் அவுன்ஸ் சுமார் நான்கு ஃப்ளோரின் தரத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. நம்ம ஊர் பையர் அனுப்பும் ஸ்பெக் ஷீட் மாதிரியே. ஆனால் அந்த நூற்றாண்டு போகப் போக ஒப்பந்தங்களில் பொன்னும் நீலமும் பின்னுக்குப் போய், யார் கை தீட்டியது என்பது முன்னுக்கு வருகிறது. 1435இலேயே ஆல்பர்ட்டி, பொன்னைப் பொன்னால் காட்டாதே, நிறத்தால் காட்டு, அதுதான் திறமை என்று வாதிட்டார். பொருளுக்குக் கொடுத்த விலை கைக்கு மாறியது. மறுமலர்ச்சி ஓவியத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

தஞ்சை எதிர்த்திசையில் போனது

இந்த இடத்தில் தஞ்சைக்குத் திரும்பினால் சுவாரசியம். மராட்டியர் காலத்தில் வளர்ந்த தஞ்சாவூர்ப் பலகை ஓவியத்தைப் பாருங்கள். பலாப் பலகை, மேலே ஒட்டிய துணி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்த பூச்சு, மக்கு வைத்து எழுப்பிய நகை வேலை, தங்க ரேக்கு, கல். சென்னினியின் பட்டியலுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி இருக்கிறது. ஐரோப்பா பொன்னைக் கைவிட்டு முந்நூறு வருடம் கழித்து தஞ்சை பொன்னை இறுகப் பிடிக்கிறது.

இதைப் பின்தங்கல் என்று எழுதினவர்கள் உண்டு. இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் ஐரோப்பிய அச்சுப் படங்கள் இருந்தன. அதே தஞ்சையில் கம்பெனிக்காரர்களுக்கு ஐரோப்பியப் பாணியில் நிழல் போட்டு காகிதத்தில் வரைந்து கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஆக, தெரியாமல் செய்ததில்லை. பலகை ஓவியம் போகும் இடம் பூஜை அறை. ஒற்றை எண்ணெய் விளக்கு, அசையும் சுடர். அங்கே நிறத்தால் காட்டிய பொன் இருட்டில் மறைந்துவிடும். புடைத்து எழுந்த உண்மையான தங்கம் சுடரோடு சேர்ந்து அசையும். கண்ணன் கழுத்து மாலை உயிரோடு இருப்பது போலத் தெரியும். ஆல்பர்ட்டியின் வாதம் பகல் வெளிச்சத்துக்கு. தஞ்சைக்காரரின் பதில் விளக்கு வெளிச்சத்துக்கு. டியூப் லைட் வந்த பிறகுதான் தஞ்சாவூர் ஓவியம் நமக்கு வெறும் பளபளப்பாகத் தெரிய ஆரம்பித்தது.

எண்ணெய் ஓவியம் தென்னாட்டில் வேரூன்றிய கதை இன்னும் வேறு. திருவிதாங்கூர் அரண்மனையில் ராமசாமி நாயக்கர் எண்ணெய் முறையை அறிந்திருந்தார். இளம் ரவிவர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்தார் என்பது வழங்கி வரும் வரலாறு. 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் கூட, பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே அனுமதித்தார். ரவிவர்மா பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டார்; 1873இல் சென்னைக் கண்காட்சியில் முதல் பரிசு. ஃப்ளாரன்ஸில் பட்டறைக்குள் பத்து வருடம் நிறம் அரைத்துக் கற்ற விஷயம் இங்கே மூடிய கதவுக்குப் பின்னால் இருந்து வந்தது. அதோடு, 1841இல் தகரக் குழாய் காப்புரிமை பெற்ற பிறகு நிறமும் அரைத்துக் குழைத்தே விற்பனைக்கு வந்துவிட்டது. அவருடைய பட்டுப்புடவைகளின் மடிப்பில் எண்ணெயின் எல்லா வசதிகளும் தெரிகின்றன. ஆனால் பிடிமானத்தைப் பற்றிய அறிவு ஓவியர் கையிலிருந்து தொழிற்சாலைக்கு மாறத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். 1894இல் அவர் தொடங்கிய அச்சகம் அதன் அடுத்த படி.

இதில் நமக்கு என்ன நஷ்டம்

'யார் முதலில்' என்ற கேள்வி சும்மா பெருமைதானே, போகட்டும் என்று விடலாம் என்பார்கள். விட முடியாததற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, நாயக்கர் அடுக்கு. சோழர் ஓவியத்துக்கு மேல் இருந்ததும் ஓவியம்தான். சுமார் 400 வருடப் பழையது. காய்ந்த பரப்பில் தீட்டியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தொல்லியல் துறை அந்த மேலடுக்கில் 16 ஓவியங்களைப் பூச்சோடு பிரித்தெடுத்து கண்ணாடி இழைப் பலகையில் பொருத்திக் காப்பாற்றியது. கீழடுக்கும் கிடைத்தது, மேலடுக்கும் பிழைத்தது. துறையின் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் சுவரிலிருந்து எடுத்த ஓவியம் பாதி ஓவியம். வலம் வருபவருக்காகத் தீட்டியது இப்போது பலகையில் நிற்கிறது. இத்தாலியிலும் 1966 ஃப்ளாரன்ஸ் வெள்ளத்துக்குப் பிறகு ஏராளமான சுவரோவியங்களை இப்படித்தான் உரித்து எடுத்தார்கள். வேறு வழி இல்லாத இடத்தில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்ற எச்சரிக்கை பிறகு வலுத்தது. பழையதே உயர்ந்தது என்ற பந்தய மனநிலையில் பார்த்தால் நாயக்கர் ஓவியம் வெறும் திரை, கிழித்தால் போதும். பிடிமானத்தை வைத்துப் பார்த்தால் ஒரே சுவரில் இரண்டு காலங்கள் இரண்டு விதமாக நிறத்தை நிற்க வைத்த அரிய ஆவணம் அது.

இரண்டாவது காரணம் நம் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது. தஞ்சைக்குத் தொல்லியல் துறை காவல் உண்டு. கொங்கு நாட்டுச் சின்னக் கோயில்களின் மண்டப விதானங்களுக்கு யார் காவல்? கும்பாபிஷேகம் என்றால் முதலில் வருவது சுத்தம் செய்யும் வேலை, அடுத்து பெயின்ட் டின். மணலை வேகமாக வீசிச் சுத்தம் செய்தால் கல் மட்டும் மிஞ்சும். அதன் மேல் இருந்த சுண்ணாம்புத் தோலும் நிறமும் ஒரு மதியத்தில் போய்விடும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். ஈரம் உள்ளே போகும், வெளியே வரும். அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியே வர வழி குறைந்து, உப்போடு சேர்ந்து பூச்சையே தள்ளும். இரண்டு மழைக்காலத்தில் புதிய பெயின்ட் கொப்பளித்து விழும். விழும்போது கீழே இருந்த பழைய நிறத்தையும் சேர்த்துக் கொண்டு விழும். இதைச் செய்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சாமிக்குப் புதுசாக, பளிச்சென்று இருக்கட்டும் என்ற பக்திதான். கலர் நிக்குமா என்று துணிக்குக் கேட்கும் அதே ஆட்கள் சுவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் என் வேண்டுகோள் சின்னது. உங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக் கூட்டத்தில் உட்காரும் வாய்ப்பு வந்தால், ஸ்டிமேட்டில் பெயின்ட் என்று ஒரு வரி வரும் இடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். சுவர் சிமென்டா, சுண்ணாம்பா? பழைய நிறம் எங்காவது மிச்சம் இருக்கிறதா, போட்டோ எடுத்தாகிவிட்டதா? புதிதாக அடிக்கப் போவது சுண்ணாம்போடு ஒத்துப்போகுமா? மூன்றுக்கும் பதில் தெரிய மேதையாக இருக்க வேண்டியதில்லை. கொத்தனார் ஒருவரும் கையில் செல்போனும் போதும்.

ராஜராஜனின் ஓவியர்கள் சுண்ணாம்பு காயும் நேரத்தைத் தெரிந்து வைத்திருந்ததால்தான் அந்த ஆடல் மகளிரின் கோடு இன்றைக்கும் நிற்கிறது. அவர்கள் யாரையும் முந்த ஓடவில்லை, சுவர் காய்வதற்குள் முடிக்க ஓடினார்கள். அந்தப் படம் அடுத்த முறை வாட்ஸப்பில் வந்தால் பகிருங்கள், தப்பில்லை. கூடவே உங்கள் ஊர் மண்டபத்து விதானத்தின் போட்டோ ஒன்றையும் எடுத்துப் போடுங்கள்.